மறுக்கப்பட்ட நீளமும் மறைக்கப்பட்ட குற்றமும்: கேத்லீன் வுடிவிஸின் முதல் புதினம் அச்சேறிய வழி

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் கேத்லீன் வுடிவிஸின் முதல் புதினமான ‘தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்’ (தழலும் மலரும்) 1972ஆம் ஆண்டு வெளிவந்தது. இக்கால வரலாற்றுக் காதற் புதின வகையின் தோற்றுவாயாக அது கருதப்படுகிறது. அளவில் மிகப் பெரியது என்று கூறிப் பதிப்பகங்கள் முதலில் அதனை மறுத்தன. மறுப்புக்குக் காரணமான நீளமே அப்புதினத்தின் கதையமைப்புக்கு அடிப்படை என்பதையும், அந்நீளத்தால் தீர்க்க முடியாத அறச்சிக்கல் ஒன்று அதில் எஞ்சுவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்றுக் காதற் புதினம், பதிப்பு வரலாறு, மெல்லட்டைப் பதிப்பு, வாசகியர், கேத்லீன் வுடிவிஸ்

முன்னுரை

ஒரு நூல் அரங்கேறிய கதை நூலுக்குப் புறம்பான செய்தியாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. பல கதவுகள் மூடின, ஒரு கதவு திறந்தது என்ற அளவில் அது சொல்லி முடிக்கப்படும். திறனாய்வுக்குள் அதற்கு இடமிருப்பதில்லை. வுடிவிஸின் முதல் நூலைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பொருந்தாது. கதவு எக்காரணத்தால் மூடியது, எங்கே திறந்தது என்பவற்றை அறியாமல் அந்நூலின் அமைப்பை முழுமையாக விளக்க இயலாது.

எழுத்தும் மறுப்பும்

வுடிவிஸ் 1939இல் லூசியானா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரில், எட்டுப் பிள்ளைகளுள் இளையவராகப் பிறந்தார். அமெரிக்க விமானப்படை அலுவலர் ஒருவரை இளம் வயதிலேயே மணந்தார். கணவரின் பணி காரணமாக ஜப்பானிலும் சில காலம் வாழ்ந்தார். புதினம் எழுதப் பலமுறை முயன்றும், கையால் எழுதும் வேகம் கற்பனைக்கு ஈடுகொடுக்காமையால் அம்முயற்சிகளைக் கைவிட்டார். கணவர் கவிதை எழுதுவதற்கென்று கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கிய மின்தட்டச்சுப் பொறியில் அவர் தாமே எழுதத் தொடங்கியபோதுதான் முதல் புதினம் உருப்பெற்றது.

முகவர்களும் கெட்டி அட்டைப் பதிப்பகங்களும் 600 பக்கங்கள் கொண்ட அப்படியை அதன் நீளத்தைக் காட்டி மறுத்தனர். வுடிவிஸ் அதனைச் சுருக்க முற்படவில்லை. மெல்லட்டைப் பதிப்பகங்களை நாடினார். அவர் வகுத்த பட்டியலில் முதலாவதாக இருந்தது ஏவன் பதிப்பகம். அங்கே, கேளாமலே வந்து குவிந்திருந்த படிகளிலிருந்து பதிப்பாசிரியர் நான்சி காஃபி இதனை எடுத்துப் படித்தார். முடிக்கும்வரை கீழே வைக்க இயலவில்லை. ஏவன் 1,500 டாலருக்கு உரிமை பெற்று, முதல் அச்சிலேயே 5,00,000 படிகளை வெளியிட்டது.

மெல்லட்டை நூல் அக்காலத்தில் பெரும்பாலும் கெட்டி அட்டையில் முன்னரே வந்த நூலின் மலிவுப் பதிப்பாகவே இருந்தது. பெண் வாசகரை நோக்கி விற்கப்பட்டவற்றுள் அச்சமும் மர்மமும் கலந்த ‘காதிக்’ கதைகள் முன்னணியில் இருந்தன. 1960இல் வெளிவந்த விக்டோரியா ஹோல்டின் ‘மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்’ அவ்வகைக்கு ஊக்கம் தந்த நூல். அக்கதைகளில் நாயகனின் உள்ளம் இறுதிவரை புதிராக நிற்கும். படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும். வுடிவிஸ் இவ்விரண்டையும் திறந்தார். திறந்ததைச் சொல்லி முடிக்க அவருக்குப் பக்கங்கள் தேவைப்பட்டன.

நீளத்தின் பணி

கதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தொடங்குகிறது. பெற்றோரை இழந்த ஹெதர் சிம்மன்ஸ் தன்னை வன்புணர முயன்ற ஒருவனிடமிருந்து தப்பி ஓடுகிறாள். அவனைக் கொன்றுவிட்டதாக நம்புகிறாள். துறைமுகத்தில் அவளை எதிர்ப்படும் மாலுமிகள் பரத்தை என்று கருதித் தம் தலைவன் பிராண்டன் பர்மிங்காமிடம் கொண்டுசெல்கின்றனர். அவனும் அவ்வாறே கருதி, அவள் மறுப்பைப் பொருட்படுத்தாமல் அவளைக் கெடுக்கிறான். அவள் கருவுற்றமை தெரியவரும்போது திருமணம் அவன்மீது திணிக்கப்படுகிறது. சினமுற்ற அவன் அவளை மனைவியாக நடத்துவதில்லை என்று உறுதிகொள்கிறான். கப்பல் கரோலினாவை அடைகிறது, குழந்தை பிறக்கிறது, இருவரும் மனமொன்றிக் கூடுவதற்கு மாதங்கள் பல கழிகின்றன.

குற்றம் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதன்பின் வரும் பகுதி அக்குற்றத்துக்கும் காதலுக்கும் இடையே காலத்தைப் பரப்பிவைக்கிறது. கடற்பயணம், நோய், மகப்பேறு, ஒரே கூரையின்கீழ் விலகி வாழும் வாழ்வு ஆகியவற்றின் வழியே, வன்முறையாளனாக அறிமுகமானவன் காத்திருக்கக் கற்றவனாக மாறுகிறான். நூலைப் பாதியாகக் குறைத்திருந்தால் அச்செயலும் மணவாழ்வின் இன்பமும் அடுத்தடுத்து நின்று வாசகியை உறுத்தியிருக்கும். ஆகவே நீளம் இங்குப் புதிய எழுத்தாளரின் கட்டுப்பாடின்மையால் நேர்ந்ததன்று. கதை தனக்கென வேண்டிப் பெற்ற அவகாசம். சுருக்க மறுத்ததில் வுடிவிஸ் காட்டிய உறுதி, கலை நோக்கில் சரியான தீர்ப்பேயாகும்.

எஞ்சும் குறை

எனினும், காலம் செய்வதைக் கழுவாய் செய்ததாகக் கொள்ள இயலாது. பிராண்டனின் வருத்தத்துக்குப் புதினம் காட்டும் காரணம் ஆள் மாறிய பிழை. அவள் பரத்தையல்லள், கன்னி என்பதே அவன் அறிந்துகொள்ளும் உண்மை. அவள் உண்மையிலேயே பரத்தையாக இருந்திருப்பின் அச்செயல் குற்றமாகுமா என்ற கேள்வியைப் புதினம் எழுப்பவேயில்லை. பெண்ணின் மறுப்பு மதிக்கப்படாமை இறுதிவரை தன் பெயரால் சுட்டப்படாமலே போகிறது. அதனை வாசகி மறப்பதற்கு நீளம் துணைசெய்கிறது, ஆராய்வதற்கு அன்று.

இக்குறை ஒரு நூலோடு நிற்கவில்லை. ரோஸ்மேரி ராஜர்ஸ் தம் முதல் புதினத்தின் படியை ‘தழலும் மலரும்’ நூலின் பதிப்பாசிரியருக்கு என்றே முகவரியிட்டு ஏவனுக்கு அனுப்பினார். 1974இல் வெளிவந்த அவருடைய ‘ஸ்வீட் சாவேஜ் லவ்’ புதினத்தில் வன்முறை பன்மடங்காகிறது. ஒரு நூல் நுழைந்த வாயில் அடுத்த நூலுக்கு முகவரியாயிற்று. நீளமும் வன்முறையும் அவ்வகையின் இலக்கணமாயின. இரண்டையும் இணைத்திருந்த காத்திருப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ ஆய்வில் இடம்பெறும் வாசகியர் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். வன்புணர்ச்சியைக் கதைகளில் வெறுப்பதாகக் கூறிய அவர்களே வுடிவிஸின் நூலை உயர்வாக மதித்தனர். இதனை முரண் என்று ஒதுக்குவது எளிது. கொடுஞ்செயலை அன்றி, அதன்பின் ஆண் மாறக்கூடும் என்னும் நம்பிக்கையையே அவர்கள் அந்நூலில் படித்தனர் என்று கொள்வது பொருத்தமாகும்.

முடிவுரை

மறுத்தவர்கள் பக்கங்களை எண்ணினர். ஏற்றவர் வாசகியாக நின்று படித்தார். பின்னவர் தீர்ப்பே வென்றது. ஒரு புதின வகை பிறந்தது. ஆயினும் நூலைப் பற்றிய இவ்விரு மதிப்பீடுகளிலும் ஹெதரின் மறுப்பு கணக்கில் வரவில்லை. நீளம் மிகுதியா என்று கேட்கப்பட்டதே அன்றி, அந்நீளம் எதனைக் கடந்துசெல்கிறது என்று கேட்கப்படவில்லை. முதல் நூல் அச்சேறிய வழியை ஆராய்வதன் பயன் இங்கேதான் உள்ளது. பதிப்பு வாயிலில் கேட்கத் தவறிய கேள்வியைக் காலம் கடந்தேனும் கேட்பது திறனாய்வின் கடன்.