போரியாவும் அதன் கண்டனக்காரரும்

ஓர் ஆட்டத்தைக் கண்டிக்கப் புகுவோர், அதில் ஒட்டிய கேட்டைக் கண்டிக்கிறோமா, ஆட்டத்தையே கண்டிக்கிறோமா என்று முதலில் தெளிதல் வேண்டும். அத்தெளிவில்லாத கண்டனம் எத்துணை நல்லெண்ணத்தோடு எழுந்தாலும் பாதிப் பயனே தரும். பினாங்குப் போரியா இதற்குத் தக்க சான்றாகும்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே ஜார்ஜ்டவுன் வீதிகளில் வேரூன்றிய இக்கதம்பக் காட்சியைச் சென்னைப் படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கொணர்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. முஹர்ரம் முதற் பத்து நாட்களில் கர்பலாத் துயரின் நினைவாகத் தொடங்கியது, நாளடைவில் கேளிக்கையாயிற்று. வேடம், நகைச்சுவை நாடகம், பிடில், மேளம் யாவும் அதில் உண்டு. 'துக்காங் காராங்' எனப்படும் புலவர் கட்டித் தந்த அடிகளைத் தலைவர் பாடுவார். குழுவினர் பல்லவியைத் திருப்பிப் பாடி ஆடுவர். செல்வர் வீட்டு வாயில்களில் ஆடிப் பரிசு பெறுவர்.

1922-ல் முஹம்மது யூசுப் பின் சுல்தான் மைதீன் என்பார் 'போரியாவும் அதன் கேடும்' எனப் பொருள்படும் தலைப்பில் மலாய் நூலொன்று வெளியிட்டார். மைதீன் என்பது தமிழ் நாவில் உருவான பெயர் என்பதை நம்மவர் அறிவர். அடுத்த சில ஆண்டுகளில் சையத் ஷேக் அல்-ஹாடி 1926-ல் 'அல்-இக்வான்', 1928-ல் 'சவுடாரா' ஆகிய ஏடுகளைப் பினாங்கில் தொடங்கினார். 'கௌம் மூடா' என்னும் சீர்திருத்தக் கூட்டத்தார் ஓங்கிய காலம் அது. துக்க நாளைக் களியாட்டமாக்குதல், வீண் செலவு, கோஷ்டிப் பகை ஆகியவையே போரியாவின் மீது சாட்டப்பட்ட குற்றங்கள்.

இவை பொய்க் குற்றங்களல்ல. 1867-ல் பினாங்கைக் கலக்கிய கலவரத்தில் சீன இரகசியச் சங்கங்களோடு வெள்ளைக்கொடி, செங்கொடிக் கட்சியினரும் மோதினர். அக்கொடிப் பகை போரியாக் குழுக்களையும் பற்றியது. கடன்பட்டு வேடங்கட்டி அண்டைத் தெருவாரோடு அடித்துக்கொள்வதைக் கலையென்று போற்ற நாமும் ஒருப்படோம்.

ஆயினும் கண்டனக்காரர் ஒன்றைக் காணத் தவறினர். அவர்தம் ஏடுகள் எழுத்தறிந்தாரோடு மட்டும் பேசின. போரியாவோ எழுத்தறியாதாரோடும் பேசிற்று. ஊர் நடப்பையும் பெரிய மனிதர் போலித்தனத்தையும் நடுவீதியில் நகையாட ஏழைக்கு இடந்தந்தது அப்பாட்டு. அதற்குச் சீர்திருத்தக் கருத்தமைந்த அடிகளைக் கட்டித் தந்திருப்பின், நூறு பிரசங்கம் செய்யாததை ஒரு பல்லவி செய்திருக்கும்.

பிற்காலத்தில் போரியா போட்டி மேடைக்கு ஏறிற்று. 1963 டிசம்பர் 28-ல் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிய பின் வீட்டுக் கூடத்துக்கும் வந்தது. வீதிச் சண்டை ஒழிந்தது நன்றே. ஆனால் வாழ்த்தும் அரசாங்கப் பிரசாரமும் பாட்டில் மிகுந்தபோது பழைய நாவின் கூர்மை மழுங்கிற்று. கேட்டை நீக்கப் புகுந்த காலம் துணிவையும் உடன் கொண்டுபோயிற்று என்பதே நம் முடிவு.

தோட்டத் தோழர்களே! நம் கூத்தின் வழக்கும் இதுவே. அதனோடு ஒட்டிய கள்ளையும் சாதிமுறையையும் விலக்குதல் நம் கடன். அதற்காகக் கூத்தையே கைவிட்டால், அவ்விடத்தை அறிவு நிரப்பாது. விலை கொடுத்து வாங்கும் வேடிக்கையே நிரப்பும். மத்தளத்தை உடைப்பது எளிது. அதற்கேற்ற நல்ல பாட்டைக் கட்டுவதே சீர்திருத்தம்.