அழுத்தம் விழும் இடம்

இத்தாலியத்தில் 'அந்தாரே' என்றால் போதல். ஆனால் 'நான் போகிறேன்' என்பதற்கு 'வாதோ' என்கிறார்கள். நீ என்றால் 'வாய்', அவன் என்றால் 'வா', நாங்கள் 'அந்தியாமோ', நீங்கள் 'அந்தாதே', அவர்கள் 'வன்னோ'. ஆறு வடிவங்களில் நான்கு ஒரு வேரிலிருந்தும் இரண்டு இன்னொரு வேரிலிருந்தும் வருகின்றன. பாடநூல்கள் இப்படிப்பட்ட வினைகளையெல்லாம் 'ஒழுங்கற்றவை' என்று தனிப் பட்டியலில் அடைத்து, மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லிவிடுகின்றன. படிப்பவர்களும் முணுமுணுத்துக்கொண்டே உருப்போடுகிறார்கள். என் கட்சி வேறு. இத்தாலிய மொழியின் வடிவ அழகை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் இந்த வினைகளிடம்தான் போக வேண்டும். ஒழுங்கான வினைகள் தமக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒரு தாளத்தை இவைதான் வெளியே எடுத்துக் காட்டுகின்றன.

தாளம் என்று நான் சொல்வது, சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதை. 'பர்லாரே', அதாவது பேசுதல், கொஞ்சமும் பிசகாத ஒழுங்கான வினை. 'பார்லோ, பார்லி, பார்லா' என்று ஒருமை மூன்றிலும் அழுத்தம் பகுதியின் மேல் விழுகிறது. 'பர்லியாமோ, பர்லாதே' என்ற தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் அது விகுதிக்கு நகர்கிறது. படர்க்கைப் பன்மையான 'பார்லனோ'வில் மறுபடி பகுதிக்கே திரும்பிவிடுகிறது. இத்தாலிய எழுத்தில் பகுதி மாறாமலே இருப்பதால் இந்த நடமாட்டம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இப்போது வெளியே போவதைக் குறிக்கும் 'உஷ்ஷீரே'யைப் பாருங்கள்: எஸ்கோ, எஷ்ஷி, எஷ்ஷே, உஷ்ஷாமோ, உஷ்ஷீதே, எஸ்கொனோ. அழுத்தம் விழும் நான்கு இடங்களில் எகரம், விழாத இரண்டில் உகரம். லத்தீன் மூலமான 'எக்ஸீரே'யின் முதல் உயிர் அழுத்தமுள்ள இடங்களில் அப்படியே நின்றது. அழுத்தமற்ற இடங்களில் கதவைக் குறிக்கும் 'உஷ்ஷோ' என்ற சொல்லின் சாயல் ஏறி அது உகரமானது என்பது சொற்பிறப்பாளர்கள் தரும் விளக்கம். தமிழிலும் 'வா' என்ற பகுதி வந்தேன், வருகிறேன் என்று உருமாறத்தான் செய்கிறது. ஆனால் நம்மிடம் அது காலத்தைச் சார்ந்த மாற்றம். வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று ஆள் மாறும்போது பகுதி அசைவதில்லை. ஒரே காலத்துக்குள், ஆளுக்கு ஆள், அழுத்தத்தின் பின்னாலேயே பகுதியும் உருமாறிப் போவது நம் காதுக்குப் புதிய சங்கதி.

இந்த வேலைப்பாட்டின் உச்சம் என்று நான் கருதுவது 'வெனீரே', வருதல். நிகழ்காலத்தில் அது வெங்கோ, வியேனி, வியேனே, வெனியாமோ, வெனீதே, வெங்கொனோ. முதல் பார்வைக்கு மூன்று பகுதிகள் தாறுமாறாகக் கலந்து கிடப்பதுபோல் தோன்றும். காதால் கேட்டால் கலப்படம் எதுவும் இல்லை. அழுத்தம் விகுதிக்குப் போகும் இரண்டு இடங்களில் பகுதி வெறும் 'வென்'. அழுத்தம் பெற்றும் அசை உயிரிலேயே முடியும் இடங்களில் அந்த உயிர் விரிந்து 'வியே' ஆகிறது. அழுத்தம் பெற்றாலும் மெய்யொன்று வந்து அசையை அடைத்துவிட்டால், 'வெங்' என்பதுபோல, விரிய இடமின்றி எகரம் எகரமாகவே நிற்கிறது. ஆறு சொற்களில் இரண்டு விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடுகின்றன.

நியாயமான ஒரு மறுப்பு இங்கே எழும். அடிக்கடி புழங்கும் சொல் தேய்ந்து உருக்குலையும், அது எல்லா மொழிகளிலும் உள்ளதுதான். வருதல், போதல், இருத்தல் போன்ற வினைகள் ஒழுங்கற்றுக் கிடப்பதற்குப் புழக்கமே காரணம், இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். புழக்கம் பழைய வடிவங்களைக் காப்பாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேய்மானம் ஒலியைக் குறைக்கும், கூட்டாது. 'வெங்கோ'வில் உள்ள ககரம் லத்தீனில் கிடையாது. தாந்தே காலத்து மொழியில் 'வெஞ்ஞோ' என்ற வடிவம் இருந்தது, அவரே அதை எழுதியிருக்கிறார். ககரம் வேறு வினைகளைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. இதைவிடத் தெளிவான சான்று 'பொர்ரே', வைத்தல். லத்தீனில் அதன் தன்மை ஒருமை 'போனோ'. ஒலி மாற்றத்தின் எந்தக் கணக்குப்படியும் அங்கே ககரம் முளைக்க வழியில்லை. இருந்தும் இன்று அது 'பொங்கோ'. படர்க்கைப் பன்மை 'பொங்கொனோ'. நடுவில் உள்ள போனி, போனே, பொனியாமோ, பொனேதே நான்கிலும் ககரம் இல்லை. அதாவது, 'வெங்கோ' எந்தெந்தக் கட்டங்களில் ககரத்தை வைத்திருந்ததோ, மிகச் சரியாக அந்தக் கட்டங்களுக்கு மட்டும் 'பொர்ரே' அதைக் கடன் வாங்கியிருக்கிறது. பேசியவர்கள் காதில் அட்டவணையின் வடிவம் முழுதாகப் பதிந்திருந்தாலொழிய இப்படி ஒரு கடன் சாத்தியமில்லை. இலக்கணக்காரர்கள் செய்த திருத்தம் இது என்றும் சொல்லிவிட முடியாது. பியேத்ரோ பெம்போ 1525-இல் பதினான்காம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் நடையை முன்மாதிரியாக நிறுத்தினார். 1583-இல் அந்நகரில் தோன்றிய க்ரூஸ்கா அகாதமி 1612-இல் அகராதி வெளியிட்டது. அவர்கள் இருந்த வடிவங்களில் தேர்ந்தெடுத்தவர்கள், புதிதாக வடித்தவர்கள் அல்லர். ஃபிளாரன்ஸின் அதிகாரம் எட்டாத ஸ்பானிய மொழியிலும் இதே வினைகள் ககரம் ஏற்றன. ஆனால் அங்கே படர்க்கைப் பன்மையில் அது இல்லை. ஒவ்வொரு மொழியும் தன் கட்டங்களைத் தானே அமைத்துக்கொண்டது.

எதிர்காலத்தில் அழுத்தம் சொல்லின் பின்பாதிக்குப் போய்விடுவதால் நடுவில் உள்ள உயிர் நசுங்கி, 'வெனீரே' 'வெர்ரோ' ஆகிறது. 'தெனேரே' 'தெர்ரோ', 'வொலேரே' 'வொர்ரோ'. 'செய்வேன், ஆனால்' என்ற நிபந்தனைப் பாங்கிலும் அதே நசுக்கம்தான். எதிர்கால விகுதி 'உடைத்தாயிருத்தல்' என்ற வினையின் நிகழ்காலத்திலிருந்து வந்தது, நிபந்தனை விகுதி அதே வினையின் இறந்தகாலத்திலிருந்து. 'வெர்ரெப்பே' என்ற சொல்லின் வாலில் 'உடைத்தாயிருந்தான்' என்ற 'எப்பே' இன்னும் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஐயம், ஆசை, அச்சம் ஆகியவற்றைச் சொல்லும் 'கொஞ்ஜுந்தீவோ' என்ற பாங்கு இன்னும் சுவையானது. அதன் ஒருமை மூன்றும் 'வெங்கா', படர்க்கைப் பன்மை 'வெங்கனோ'. நிகழ்காலத் தன்மையின் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மரியாதைக் கட்டளையும் இதே பாங்கில்தான் என்பதால், 'வாருங்கள்' என்பதற்கு 'வெங்கா'. இதில் தடுமாறுகிறவர்கள் 'வெங்கி' என்பார்கள். பவ்லோ வில்லாஜ்ஜோ படைத்து, 1975-இல் வெளிவந்த படத்தில் தானே நடித்த ஃபந்தொஸ்ஸி என்ற குமாஸ்தா இந்தப் பாங்கில் செய்யும் பிழைகளுக்காகவே இத்தாலியர்கள் நினைவில் நிலைத்தவன். சிரிப்பு அடங்கியபின் அந்தப் பிழையை நிறுத்திப் பார்க்க வேண்டும். தவறு விகுதியில் மட்டும்தான். ககரம் ஏறிய பகுதி, ஏற வேண்டிய கட்டத்தில், பிசகாமல் இருக்கிறது. ஒழுங்கானவை என்று பெயர் வாங்கிய வினைகளின் இகர விகுதிதான் பேசுகிறவரின் காலை வாரிவிட்டது. ஒழுங்கற்ற பகுதி அவர் நாவில் பத்திரமாக இருந்தது.

கடுமையான மறுப்பு வேறொன்று. இவையெல்லாம் அருங்காட்சியகப் பொருட்கள் ஆகிக்கொண்டிருக்கின்றன என்பார்கள். 'தொலை இறந்தகாலம்' என்று இத்தாலியர்கள் அழைக்கும் 'பஸ்ஸாதோ ரெமோதோ' வட இத்தாலியப் பேச்சில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. புதிதாக வரும் வினைகள், சொடுக்குவதைக் குறிக்கும் 'க்ளிக்காரே' உட்பட, 'ஆரே' என்று முடியும் ஒழுங்கான கூட்டத்தில்தான் சேருகின்றன. இரண்டும் உண்மை. ஆனால் அந்த 'க்ளிக்காரே'யின் அழுத்தமும் 'வாதோ, அந்தியாமோ, வன்னோ' போகும் வழியில்தான் போகிறது. தொலை இறந்தகாலமோ சிசிலியில் அன்றாடப் பேச்சு. தொஸ்கானாவில் அண்மையில் நடந்ததையும் என்றோ முடிந்துபோனதையும் பிரித்துச் சொல்லும் கருவி. 1883-இல் நூலாக வந்த கொல்லோதியின் 'பினோக்கியோ'விலிருந்து இத்தாலியக் குழந்தைகள் கேட்கும் கதைகள் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. அதன் வடிவமும் எளிது. எழுதுதல்: ஸ்க்ரிஸ்ஸி, ஸ்க்ரிவெஸ்தி, ஸ்க்ரிஸ்ஸே, ஸ்க்ரிவெம்மோ, ஸ்க்ரிவெஸ்தே, ஸ்க்ரிஸ்ஸெரோ. தன்மை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை மூன்றில் மட்டும் அழுத்தம் பகுதியில் விழுந்து பகுதி இறுகுகிறது. மற்ற மூன்றும் சாதுவானவை. பால் கறப்பதைச் சொல்லும் 'முஞ்ஜெரே' போன்ற, நகரத்து வாயில் அரிதாகவே வரும் வினையும் முன்ஸி, முஞ்ஜெஸ்தி, முன்ஸே என்று இதே வரிசையில் நடக்கிறது. புழக்கம் ஒன்றே காரணமாக இருந்தால் இந்த வினை எப்போதோ திருந்தியிருக்க வேண்டும்.

அந்த மூன்று கட்டங்கள் எவ்வளவு வலுவானவை என்பதற்கு இன்னொரு சான்று. நிற்றல் என்ற 'ஸ்தாரே'யின் இறந்தகாலம் 'ஸ்தெத்தி'. அதன் சாயலில் கொடுத்தலைக் குறிக்கும் 'தாரே' 'தெத்தி' ஆனது. அந்த 'எத்தி' ஒலி பிறகு 'க்ரேதெரே', நம்புதல், போன்ற ஒழுங்கான வினைகளுக்கே பரவியது: க்ரெதெத்தி, க்ரெதெஸ்தி, க்ரெதெத்தே, க்ரெதெம்மோ, க்ரெதெஸ்தே, க்ரெதெத்தெரோ. ஒழுங்கற்றதைப் பார்த்து ஒழுங்கானது கற்றுக்கொண்டது, அதுவும் அதே மூன்று கட்டங்களில் மட்டும். பழைய 'க்ரெதேய்' வடிவத்தையும் இலக்கண நூல்கள் பிழையற்றதாகவே தருகின்றன, ஆனால் என் காதுக்கு 'க்ரெதெத்தி'தான் நிறைவு. அடித்தல் என்ற 'பாத்தெரே', இயலுதல் என்ற 'பொதேரே' போன்றவற்றில் கணக்கு மாறுகிறது. பகுதியின் முடிவிலேயே ஒரு தகரம் நிற்பதால் 'பத்தெத்தி', 'பொதெத்தி' என்று தகரத்தின் மேல் தகரமாக அடுக்க இத்தாலியர்கள் கூசுகிறார்கள். அங்கே பெரும்பாலும் 'பத்தேய்', 'பொதேய்' என்றே எழுதுகிறார்கள்.