முடிவும் துணிபும்

வாதக் கட்டுரை பற்றி நம் பாடநூல்கள் கூறுவன பெரும்பாலும் தோற்றுவாயைப் பற்றியனவாகவும், பொருளை வகுத்து நிறுத்தும் முறையைப் பற்றியனவாகவுமே உள்ளன. முடிவுரைக்கு அவை ஓரிரு வரிகளுக்கு மேல் ஒதுக்குவதில்லை; கூறியவற்றைத் தொகுத்துக் கூறுக என்பதே அவ்வரிகளின் சாரம். இதன் விளைவைப் பரீட்சை விடைத்தாள்களிற் காண்கிறோம்; இத்தகைய மலர்களிலுங்கூடக் காண்கிறோம். நடுப்பகுதியில் நன்கு வாதாடிய மாணவர் இறுதிப் பந்தியில் திடீரென மேடையேறி, ‘ஆகவே நாம் அனைவரும் ஒன்றுபட்டு உழைப்போமாக’ என்கிறார். இவ்வாக்கியம் சீதன ஒழிப்புக்கும் பொருந்தும். பனை வளப் பாதுகாப்புக்கும் பொருந்தும். தாய்மொழிக் கல்விக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகின்ற ஒரு வாக்கியம் இந்தக் கட்டுரையின் முடிபாதல் எங்ஙனம்?

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது எனலாம். கூட்டம் முடிவுற்றது என்கிறோம். கூட்டம் இன்னது செய்வதென முடிவு செய்தது என்றும் சொல்கிறோம். முன்னையது இறுதி, பின்னையது துணிபு. நன்னூலார் வகுத்த முப்பத்திரண்டு உத்திகளிலே ஏதுவின் முடித்தல், ஒப்பின் முடித்தல், விகற்பத்தின் முடித்தல் என வருவனவற்றில் முடித்தல் என்பது துணிபையே குறிக்கின்றது. அவை நூலின் எவ்விடத்தும் நிகழலாம். நமது மாணவரோ இறுதியை எழுதிவிட்டுத் துணிபை எழுதியதாகக் கருதிக்கொள்கின்றனர்.

வாதத்துக்கென்றே வளர்ந்த உரைநடை யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. ஆறுமுக நாவலரின் சைவதூஷணபரிகாரம் வெளிவந்தது 1854இல். அவர் வழியில் வந்தவருள் கண்டனத்தில் மிக வல்லவர் கோப்பாய் தந்த சபாபதி நாவலர். ‘வடகோவை’ என்று ஊர்ப்பெயர் சேர்த்தே அவரைச் சுட்டுவது புலவர் வழக்கு. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரிடம் நாவலர் பட்டம் பெற்ற அவர், சி. வை. தாமோதரம்பிள்ளையின் இலக்கண விளக்கப் பதிப்புரைக்கு மறுப்பு எழுதியவர். 1903இல் மறைந்தார். 1899இல் வெளிவந்த அவரது திராவிடப் பிரகாசிகை தமிழின் தொன்மை, இலக்கணம், இலக்கியம், சாத்திரம் என்பவற்றின் மரபுகளை முறையே நிறுவிச் சென்று, ஒழிபியல் என்ற ஐந்தாம் இயலோடு நிறைவுறுகிறது.

நூலின் வாதத்தை ஒருசேரத் திரட்டித் தரும் இயல் ஒன்று அங்கே இருத்தல் வேண்டும் என்று இக்காலத்து வாசகர் எதிர்பார்ப்பர். ஆனால் ஆசிரியர் தம் நூலுக்குக் கொண்ட அமைப்பு இலக்கண நூலின் அமைப்பு. யாப்பருங்கலக்காரிகையின் இறுதி ஒழிபியல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி எச்சவியல். நம் நூன்மரபில் இறுதி என்பது எஞ்சியதைச் சொல்லுமிடம். துணிபோ அவ்வவ் விடத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறர் கூற்றை எடுத்து மொழிந்து, கடாவி, விடை கூறி, ‘அது பொருந்தாதென்க’ என்று கண்டனகாரர் சொல்லும் ஒவ்வோரிடமும் ஒரு முடிவுரையே. சிவஞான முனிவரின் கண்டன நூல்களிலும் இம்முறையைக் காணலாம்.

அளவையியலார் இதனை ஒரு பிரச்சினையாகவே எடுத்து ஆராய்ந்துள்ளனர். நியாய நூலாரின் அனுமானத்துக்கு உறுப்பு ஐந்து. இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை காணப்படுதலால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இம்மலையும் அவ்வாறே புகையுடையது என்பது உபநயம். ஆகலின் நெருப்பும் உடையது என்பது நிகமனம். மணிமேகலையின் 29ஆங் காதையிலே அறவண அடிகள் இவ்வைந்தையும் கூறி, இறுதி இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்று அவற்றைத் தள்ளிவிடுகிறார். பௌத்த அளவையியல் வல்லார் திக்நாகரின் நெறி இது. சிவஞானபோதத்தின் வார்த்திகமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பவற்றோடு நின்றுவிடுகிறது. நிகமனத்துக்கு அங்கே தனியிடம் இல்லை. சமயத்தால் மாறுபட்ட இரு நூல்கள் இவ்வொன்றில் அருகருகே நிற்பது எண்ணத்தக்கது.

அப்படியாயின் முடிவுரை வேண்டாமோ? நியாய நூலாரின் விடை கருதத்தக்கது. முதலிற் சொன்ன பக்கம் இனி நிறுவப்பட வேண்டியது. இறுதியிற் சொல்லும் நிகமனம் நிறுவப்பட்டது. வழக்காளி ‘காணி என்னுடையது’ என்பதும், நீதிபதி ‘காணி இவருடையது’ என்பதும் ஒரே செய்தியாயினும் ஒரே நிலையின அல்ல. இடையில் எதிர்வழக்கு கேட்கப்பட்டிருக்கிறது. கண்டன நூலைக் கற்றவர் வழக்கின் இரு பக்கத்தையும் அறிந்தவர். அவருக்குத் திட்டாந்தத்தோடு நிறுத்தலாம். இன்று வாதக் கட்டுரையைப் படிப்பவர் பெரும்பாலும் எப்பக்கமும் சாராதவர். அவருக்குத் தீர்ப்பு வாசிக்கப்படல் வேண்டும். நிகமனத்தை இக்காலக் கட்டுரைக்கு வேண்டற்பாலது என்றே யான் கொள்கிறேன்.

ஆனால் தீர்ப்பு வழக்காளியின் மனுவை அப்படியே பிரதி செய்வதன்று. சீதன ஒழிப்பு என்னும் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து மாணவர் இதனைப் போல அடிக்கடி எழுதிய தலைப்பு வேறு இருக்குமோ என்பது ஐயம். பெண்கள் மணமின்றி இருத்தல், காணி ஈடு வைக்கப்படல், தமையன்மாரின் உழைப்பு தங்கையரின் நன்கொடைக் காசாகக் கரைதல் ஆகியன நடுப்பகுதியில் விரியும். இறுதிப் பந்தி, ‘எனவே சீதனம் ஒழிக’ என்னும். இவ்வேதுக்கள் அம்முடிபைத் தருகின்றனவா? ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலே சீதனம் என்பது மகளின் பங்கு. சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோரின் எஞ்சிய முதுசத்தில் உரிமை இல்லை என்பது அதன் பழைய விதி. எனின், சீதனம் ஒழிந்த வீட்டிலே பெற்றோர் தம் ஆதனம் முழுவதையும் ஆண்மக்களுக்கே எழுதிவைத்தால் மகளின் நிலை யாது? எதிர்வழக்காடுவோர் முதலிற் கேட்கும் கேள்வி இதுவே. இதற்கு முகங்கொடுத்த கட்டுரை ‘ஒழிக’ என்று முடிய இயலாது. மணமகன் வீட்டார் பேசுகின்ற விலை ஒழிதல் வேண்டும். மகளின் பங்கு திருமணத்தோடு பிணிக்கப்படாது அவளிடம் சேர்தல் வேண்டும் என்றே அது முடியும். தொடங்கிய கூற்றினும் இது குறுகியது. ஆயினும் மாற்றான் எளிதில் அசைக்க முடியாதது. வாசகர் தம் வீட்டிற் செய்யக்கூடியதும் அதுவே.

முடிவுரையிலே பாரதியின் பாட்டடிகளைப் பெய்வது பற்றியும் ஒரு சொல். பாட்டின் மேல் யாருக்கும் வழக்கில்லை. மாணவர் தாமே சொல்ல வேண்டிய துணிபைக் கவிஞரின் வாயிலே வைத்துவிட்டு ஒதுங்குவதுதான் குறை. பரீட்சகர் அங்கே புள்ளியைக் கூட்டுகிறாரா குறைக்கிறாரா என்பது வேறு விடயம்.

கோப்பாயிலே ஆசிரிய கலாசாலை ஒன்று உண்டு. கட்டுரை கற்பிக்கப் போகும் ஆசிரியர் பயிலும் அத்தகைய இடங்களில் ஓர் எளிய பயிற்சியைச் செய்து பார்க்கலாம். வாதக் கட்டுரை ஒன்றின் இறுதிப் பந்தியை மறைத்து, எஞ்சியதை மட்டும் வகுப்பில் வாசித்து, முடிபை ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியத்தில் எழுதுமாறு கேட்க வேண்டும். எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒரே திசையிற் சென்றால், மறைத்த பந்தியை எடுத்து அவற்றோடு ஒப்பிடலாம். அவை பத்துத் திசையிற் சென்றால் அப்பந்தியைத் திருத்துவதிற் பயனில்லை. நடுப்பகுதியை மீண்டும் எழுதப் பணிக்க வேண்டியதுதான்.