இரவல் பாட்டு, சொந்தக் குரல்

மேடையில் பாடும் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுத முற்படுகிறவனுக்கு முதல் சங்கடம், அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்பது. நம்மிடம் பெட்டிகள் இரண்டுதான். ஒன்று சபா, மற்றது சினிமா. சபாவில் பாடுகிறவரைப் பற்றி எழுத ஒரு பரிபாஷை நெடுநாள் பழக்கத்தில் தயாராக இருக்கிறது. சினிமாவில் பாடுகிறவர் விஷயத்தில் நம் சிறுபத்திரிகைகள் நெடுங்காலம் அலட்சியம் காட்டின; இப்போது அந்த இடத்தில் ஒரு பரவசம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் மதிப்பீடு என்று சொல்ல முடியாது. இந்த இரு பெட்டிகளுக்கும் வெளியே ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கிறார் என்றால் அவரைக் கவனிக்காமல் விடுவதே நமக்குச் சௌகரியம். உஷா உதுப் விஷயத்தில் நடந்திருப்பது இதுதான். 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண் என்று அரசாங்கம் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழில் விமர்சனம் இன்னும் அவர் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை.

விவரங்கள் எளியவை. 1947-ல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துச் சங்கீத வகுப்பில் குரல் பொருந்தவில்லை என்று ஒதுக்கப்பட்டவர். 1969-ல் சென்னை மவுண்ட் ரோடில், அப்போதிருந்த சஃபையர் தியேட்டர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்ற இரவு விடுதியில், புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ட்ரிங்காஸ். ராக், ஜாஸ், பாப் என்று எல்லாவற்றையும் பாடுகிற ஒருவரை ராக் பாடகி என்று சொன்னால் மின்கிதார் பக்தர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். பாட்டும் குரலும் உடம்பும் ஒரே ஆளிடம், ஒரே மேடையில், கேட்பவன் கண்ணெதிரே இருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தைத்தான் நான் ராக் என்று புரிந்துகொள்கிறேன். அந்த அர்த்தத்தில் நமக்கு இவரை விட்டால் வேறு மூத்த ஆள் இல்லை.

இந்த நிர்ப்பந்தம் நமக்கு அந்நியமானதும் இல்லை. கே. பி. சுந்தராம்பாள் நாடக மேடையில் பாடியபோது குரலும் உடம்பும் ஒன்றாகவே இருந்தன. பின்னணிப் பாடல் முறை வந்து அவற்றைப் பிரித்தது. பிரித்த பிறகு பெண்குரல்களைத் தரம் பிரிக்கவும் செய்தது. மெல்லிய, உச்சத்தில் நிற்கும் குரல் கதாநாயகிக்கு. சற்றே சதைப்பிடிப்புள்ள குரல் கிளப்பில் ஆடுகிறவளுக்கு. எல். ஆர். ஈஸ்வரியின் மகத்தான குரல் எத்தனையோ படங்களில் இப்படி இன்னொருத்தியின் உடம்புக்குக் கொடுக்கப்பட்டது. கதை முடிவதற்குள் அந்த உடம்பு ஏதாவது ஒரு விதத்தில் தண்டிக்கப்பட்டுவிடும். அதே ஈஸ்வரி குரல் ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்து மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கிகளிலெல்லாம் பக்தியாக ஒலிப்பதை நினைத்தால், பாவமும் பக்தியும் குரலில் இல்லை, ஒட்டவைத்த உடம்பில்தான் இருந்தன என்பது தெரிந்துவிடும். உஷா உதுப் இந்த ஏற்பாட்டிற்குள் முழுசாக வரவில்லை. கிளப் பாட்டை அவர் தன் உடம்போடு, தன் பெயரில், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முன் நின்று பாடினார்.

அந்த உடம்பின் மேல் பட்டுப்புடவை. இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் இருப்பது தேசூரில். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். பட்டு எங்களுக்கு அழகுப் பொருள் ஆவதற்கு முன் கூலிக் கணக்கு. வாங்குகிறவர்களுக்கு அது முகூர்த்தம், சுமங்கலித்துவம், குடும்ப கௌரவம். நம் சமூகத்தில் ஒரு பெண்மேல் போர்த்தக்கூடிய மிகக் கனமான மரியாதை அந்தத் துணிதான். அதைக் கட்டிக்கொண்டு, தலைநிறையப் பூவும் நெற்றி நிறையப் பொட்டுமாக, மது பரிமாறும் இடத்தில் நின்று பாடியதை ஒரு தந்திரம் என்று சொல்லலாம். சரணாகதி என்றும் சொல்லலாம். கேவலப்படுத்த வந்த பார்வையை அந்தப் புடவை செயலற்றதாக்கியது என்பது உண்மை. கூடவே, அந்தப் பாட்டுகளில் இருந்த ஆபத்தையும் அது வடித்துவிட்டது என்பதும் உண்மை. பாடகிக்குக் கிடைத்த பாதுகாப்பின் விலையைப் பாட்டு கொடுத்திருக்கிறது.

இதை எனக்கு உணர்த்தியது இசைத்தட்டு அல்ல, கச்சேரிதான். பலரையும்போல நானும் அவர் குரலை ‘அஞ்சலி’ (1990) படத்தில் இளையராஜாவின் இசையில்தான் முதலில் கேட்டேன். பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிக் கேட்டு, இருபது வருஷ ரசிகனான பின், வங்கியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தவாசி வழியாகச் சென்னைக்கு பஸ் ஏறினேன். தனியாகத்தான். எங்கள் ஊரில் இதற்குத் துணை கிடைக்காது. அரங்கில் என்னைச் சுற்றி இருந்தவை குடும்பங்கள். பாட்டி, பேத்தி, ஓய்வு பெற்ற அதிகாரி, அவர் மனைவி. உஷா உதுப் வந்தார், பேசினார், சிரிக்க வைத்தார், கைதட்டச் சொன்னார், எழுந்து நிற்கச் சொன்னார். தன் தனிமையைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்த ரசிகனுக்கு அங்கே உட்கார ஒதுக்கமான ஒரு மூலைகூடக் கிடையாது. பாதி பாட்டுகள் ஆங்கிலம். மீதி, இந்த மாநிலத்துக்கு ஒன்று அந்த மாநிலத்துக்கு ஒன்று என்ற தேசிய ஒருமைப்பாட்டுக் கதம்பம். பல மொழியில் பாட முடிவது ஒரு திறமை. அதை ஒரு செய்தியாக மாற்றும்போது பாட்டு மெலிந்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆகிவிடும்.

ஆனால் பேச்சு நின்று, வாத்தியங்கள் அடங்கி, கீழ் ஸ்தாயியில் அந்தக் குரல் ஒரு வரியை எடுத்தபோது வேறொன்று நடந்தது. எண்பதை நெருங்கும் குரல். மூச்சு முன்பைவிடச் சீக்கிரம் முடிகிறது. வரியின் நடுவில் எடுத்துக்கொள்கிறார், மறைக்கவும் இல்லை. ஆனால் அடிக்குரல் அப்படியே இருக்கிறது. பதினாறு வயதுப் பெண்ணின் சாயலை என்றென்றும் காப்பாற்ற வேண்டிய குரல் மூப்பைக் கண்டு பயப்பட்டாக வேண்டும். வகுப்பை விட்டு அனுப்பப்பட்ட இந்தக் குரலோ தொடக்கத்திலேயே முதிர்ந்திருந்தது. முதுமை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ள அதிகமில்லை. புடவை வடித்துவிட்ட ஆபத்து அந்த ஒரு வரியில் திரும்பி வந்து உட்கார்ந்தது என்று எனக்குப் பட்டது.

அந்த ஓயாத பேச்சையும் நான் பிறகு வேறு விதமாக யோசித்துப் பார்த்தேன். விடுதியில் பாடுகிறவருக்கு யாரும் காதைக் கடன் தருவதில்லை. தட்டுச் சத்தம், கிளாஸ் சத்தம், வியாபாரப் பேச்சு இவற்றுக்கிடையில் ஒவ்வொரு மேஜையாகக் கவனத்தைப் பிடுங்க வேண்டும். இருட்டில் மௌனமாக அமர்ந்திருக்கும் சபையைக் கொடுத்தாலும் அந்தப் பழக்கம் போகாது. எங்கள் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துத் தெருக்கூத்தில் விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்கி விழும் கூட்டத்தைக் கட்டியக்காரன் சீண்டுவதும் இதே தொழில்தான். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை ந. முத்துசாமி நம் கண்ணுக்குக் காட்டி, 1977-ல் கூத்துப்பட்டறையும் தொடங்கிய பிறகு, விடிய விடியப் பாடிக் கரகரத்துப் போன தொண்டையை நாம் கலை என்று மதிக்கக் கற்றுக்கொண்டோம். கிராமத்துக் கூத்தாடிக்குக் கொடுத்த அந்தக் காதை நகரத்து விடுதிப் பாடகிக்குக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. அவர் பாடுவது மேற்கத்தியப் பாட்டு, ‘கலாச்சாரச் சீரழிவு’.

இந்தச் சொல்லுக்கு வங்காளத்தில் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் இடதுசாரி அரசின் மந்திரி ஜதின் சக்ரவர்த்தி இவருடைய பாட்டை ‘அபசம்ஸ்க்ருதி’ என்று எதிர்த்தார். இவர் நீதிமன்றத்துக்குப் போய் வென்றார். மந்திரியின் சொல்லை நம்மூர் முற்போக்கு விமர்சகர்களும் சுத்த இலக்கியவாதிகளும் ஒரே குரலில் வழிமொழிந்திருப்பார்கள் என்பதுதான் வேதனை. இருவருக்கும் பொதுவான எதிரி, இரவல்.

உஷா உதுப்புக்குச் சொந்தப் பாட்டு என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. மேடையில் அவர் பாடுபவை பெரும்பாலும் பிறர் பாடிப் பெயர் வாங்கியவை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தறியில் உட்காருகிறவனிடம் கேளுங்கள். பாவு முதலாளி கொடுத்தது, ஜரிகை முதலாளி கொடுத்தது, டிசைன் எங்கிருந்தோ வந்தது. ஆரணியில் நெய்தது காஞ்சிபுரம் என்ற பெயரிலும் விலைபோகும். அப்படியும், புடவையைத் திருப்பிப் பார்த்து இது இன்னார் கை என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் தெருவில் உண்டு. நெசவின் நெருக்கத்தில் கை தெரிகிறது. பிறர் பாட்டின் ஒரு வரியைத் தன் அடிக்குரலுக்கு இறக்கி அவர் நிறுத்துகிற இடத்திலும் அப்படி ஒரு கை தெரிகிறது. அதைக் கேட்டுச் சொல்வதுதான் விமர்சனத்தின் வேலை. பாவு யாருடையது என்று விசாரிப்பது கணக்குப்பிள்ளையின் வேலை.

1959-ல் ‘எழுத்து’ வந்தபோது புதுக்கவிதையைப் பார்த்து மரபுப் பண்டிதர்கள் சொன்ன வசையும் இரவல் என்பதுதான். எலியட்டிடமும் பவுண்டிடமும் வாங்கி வந்தது என்றார்கள். வாங்கித்தான் வந்தோம். வாங்கியதைத் தமிழின் தொண்டையில் வைத்து என்ன செய்தோம் என்று பாருங்கள் என்று நாம் வாதாடினோம். அந்த வாதத்தில்தான் இந்த மாதிரிப் பத்திரிகைகள் பிறந்தன. நமக்காக நாம் கேட்டு வாங்கிய நியாயத்தை ஒரு பாடகிக்கு மறுப்பதானால், அன்று நாம் பேசியது நியாயமா, சுயலாபமா என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.