கல்லா, புற்றா?

மஞ்சள் காமாலையோடு வருபவரின் ஸ்கேனில் கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் விரிந்தும், வெளியே ஓரிடத்தில் நாளம் குறுகியும் தெரிந்தால், மருத்துவரின் ஐயம் முதலில் புற்றுநோயின் மேல் விழுகிறது. அதில் தவறில்லை, பித்தநாளப் புற்றைத் தவறவிட்டால் குணப்படுத்தும் அறுவைக்கான வாய்ப்பே போய்விடும். ஆனால் பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல் ஒன்று பக்கத்து நாளத்தை வெளியிலிருந்து நெரித்தாலும் ஏறக்குறைய இதே படம்தான் வரும். அர்ஜென்டினாவின் அறுவை மருத்துவர் பாப்லோ மிரிசி 1948இல் விவரித்த இந்தச் சிக்கல் அரிது என்பதால் கடைசியாகவே நினைவுக்கு வருகிறது.

ஐயம் உறுதியாக மாறும் இடத்தில்தான் கோளாறு. சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனைக்கு 37 யூனிட் வழக்கமான வரம்பு. பித்தம் தேங்கி அழற்சியும் சேர்ந்தால், புற்றே இல்லாதவருக்கும் அது பல நூறாக, சிலருக்கு ஆயிரங்களாக ஏறும். லூயிஸ் ரத்தவகைக் கூறு இல்லாத சிலருக்கோ புற்று முற்றினாலும் ஏறுவதில்லை. அடைப்பு நீங்குமுன் எடுத்த எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அவசரம். தேங்கிய பித்தத்தை வடித்த பின் அது சரிகிறதா என்று பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. இதிலும் வரிசை முக்கியம்: பித்தம் வடிய ஸ்டென்ட் குழாய் வைத்தபின் எடுக்கும் படம் குழம்பும், ஆகவே பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும்.

காத்திருந்தால் புற்று வளராதா என்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் கேட்பது மாதக்கணக்கான ஒத்திவைப்பு அல்ல. காய்ச்சலும் கடுங்காமாலையும் உள்ளவருக்கு வடிகால் எப்படியும் தேவை. அப்போது நாளத்தில் தூரிகையால் சுரண்டி எடுக்கும் செல் பரிசோதனை பல புற்றுகளைத் தவறவிடுகிறது என்பதும் உண்மை. அதனால் அதில் புற்று இல்லை என்று வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு: கல் கண்டுபிடிக்கப்பட்டதால் புற்று இல்லை என்றாகிவிடாது. நெடுநாள் அழற்சியில் ஊறிய பித்தப்பையில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பித்தப்பைப் புற்று மிகுந்த கங்கைச் சமவெளியில் இதை மறக்கவே கூடாது. ஆகவே 'இதுவா அதுவா' என்று கேட்பதே குறையுள்ள வழக்கம். 'வெறும் கல்தான்' என்று லேப்ராஸ்கோப்பியில் இறங்கினால், ஒட்டிப்போன திசுக்களுக்கிடையே நாளமே வெட்டுப்படலாம். புற்றென்றே முடிவுகட்டினால் கல்லீரலின் ஒரு பகுதி வீணாகப் போகலாம். இரண்டுக்கும் ஆயத்தமாக உள்ளே போய், சந்தேகத் திசுவை உறையவைத்து உடனே சோதித்து, அறுவையின் அளவை அங்கேயே முடிவுசெய்வது மேல். அந்தச் சோதனையும் சில நேரம் பொய்க்கும் என்பதால், இறுதி நோய்க்கூற்று அறிக்கை வரும்வரை நோயாளியிடம் எதையும் உறுதியாகச் சொல்லாமலிருப்பதும் சிகிச்சையைச் சேர்ந்ததே.