மாஸ்க்கை மாட்டியபின் யார் கவனிப்பது?

மூச்சுத்திணறலோடு வரும் நோயாளியின் தொண்டையில் குழாய் இறக்காமல், முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் முறை இன்று நடுத்தர மருத்துவமனைகளிலும் சாதாரணமாகிவிட்டது. உறக்கத்தில் மூச்சு தடைபடுவோருக்காக ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சிபேப்பும், பின்னால் வந்த பைபேப்பும் இந்த வகைதான். மயக்க மருந்து தேவையில்லை. நோயாளி இரண்டு வார்த்தை பேசலாம். “வென்டிலேட்டர் மட்டும் வேண்டாம் டாக்டர்” என்று கெஞ்சும் உறவினர்களுக்கும் இது ஆறுதல். ஆனால் பார்க்க எளிதாக இருப்பதாலேயே, மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. இந்தச் சிகிச்சையின் ஆபத்துகளில் பெரும்பாலானவை அந்தப் பழக்கத்தால் வருபவை.

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் திடீரென முற்றிய 85 பேரிடம் பிரஞ்சு மருத்துவர் பிரோஷார் குழுவினர் நடத்திய ஆய்வு 1995இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்குக் குழாய் தேவைப்பட்டது. மாஸ்க் போட்டவர்களில் 26 சதவீதம்தான். இறப்பும் 29 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியது. குழாயைத் தவிர்த்தால் அதன் வழியே வரும் நிமோனியாவும் தவிர்க்கப்படுகிறது. இந்த நோய்க்கு மாஸ்க் முதல் வரிசைச் சிகிச்சை என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

ஒரு நோய்க்குப் பலித்தது எல்லாத் திணறலுக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொண்டதில்தான் முதல் ஆபத்து. குழாயை எடுத்தபின் மறுபடியும் திணறியவர்களுக்கு மாஸ்க் போட்டுப் பார்த்த எஸ்தபான் குழுவின் ஆய்வு 2004இல் வந்தது. அங்கே மாஸ்க் தரப்பில் 25 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சையில் 14 சதவீதம் பேரும் இறந்தார்கள். மீண்டும் குழாய் போட நேர்ந்தவர்களுக்கு மாஸ்க் தரப்பில் சுமார் 12 மணி நேரமும், மறுதரப்பில் இரண்டரை மணி நேரமும் கடந்திருந்தன. அந்தத் தாமதமே இறப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று நகர்த்தும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

இரண்டாவது ஆபத்து வாந்தி. அழுத்தம் 20 செ.மீ. நீர் அளவைத் தாண்டினால் காற்று இரைப்பைக்குள்ளும் இறங்கி வயிறு உப்பும். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்குள் வாந்தி எடுத்தால், அதே அழுத்தம் அதை நுரையீரலுக்குத் தள்ளும். நினைவு மங்கியவரால் மாஸ்க்கைக் கழற்ற முடியாது. பிடுங்கி எறிகிறாரே என்று கையைக் கட்டிப் போட்டிருந்தால் தெளிவாக இருப்பவராலும் முடியாது. கழற்ற முடிவதுதான் இந்த முறையின் பாதுகாப்பு; கையைக் கட்டுகிறவர் அதைப் பறித்துவிடுகிறார்.

மூன்றாவது, பொருத்தும் பிழை. ஒற்றைக் குழாய் மெஷினுக்கு, விட்ட மூச்சு வெளியேறச் சிறு துளைகள் உள்ள மாஸ்க் வேண்டும். குழாயிலாவது வழி இருக்க வேண்டும். காற்று கசிகிறதென்று அந்தத் துளைகள்மேல் பிளாஸ்டர் ஒட்டினால், நோயாளி தான் விட்ட கரியமில வாயுவையே திரும்ப உறிஞ்சுவார். சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்கை நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கீழே ஓட்டினாலும் இதுவே நடக்கும். 2 லிட்டர் போதுமென்றால் மூக்குக் குழாய்தான் சரி.

கண்ணுக்குத் தெரிகிற தீங்கும் உண்டு. மூக்குத் தண்டில் எலும்பின்மேல் தோல் மட்டுமே இருக்கிறது. கசிவை நிறுத்த வாரை இறுக்க இறுக்க, அங்கே முதலில் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். வாருக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சிறிது கசிவதால் குற்றமில்லை, மெஷினே ஈடுகட்டும். வாரின் கொக்கியில் காந்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் போன்ற கருவிகளைக் காந்தம் குழப்பலாம் என்று பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் 2022இல் எச்சரிக்கை விடுத்தது.

இவ்வளவுக்கும் பின் மாஸ்க்கை ஒதுக்கச் சொல்வது நியாயமாகாது. வென்டிலேட்டர் இல்லாத ஊரில் பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்துவைப்பது இதுதான். ஆள் பற்றாக்குறை என்ற மருத்துவமனைகளின் பதிலிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் செலவில்லாத காரியங்கள் சில உண்டு. போடும்போதே, பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்று கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்த வாயுப் பரிசோதனையும் மூச்சு வேகமும் பார்த்து, தேறவில்லையென்றால் அங்கேயே முடிவெடுக்கலாம். வாந்தி வந்தால் யாரையும் கேட்காமல் மாஸ்க்கைக் கழற்றும் அதிகாரத்தை நர்ஸுக்குத் தரலாம்.

மெஷினுக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இரவில் அந்தக் கட்டிலைப் பார்க்கும் நர்ஸுக்கு இன்னும் எத்தனை நோயாளிகள் என்றும் கேட்க வேண்டும். அதற்குத் தெளிவான பதில் இல்லாத வார்டில் மாஸ்க் பாதிச் சிகிச்சைதான்.