இருட்டு என்னும் கைவேலை

நள்ளிரவில் கப்பலிலிருந்து இறங்கிய இரத்தக்காட்டேரி, தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆளரவமற்ற ஊருக்குள் நடந்துபோகிறது. நான் முதன்முதலில் பார்த்த பிரதியில் அந்த ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சிரித்துவிட்டேன். சூரிய வெளிச்சம் பட்டால் இந்தப் பிசாசு அழிந்துபோகும் என்று கடைசிக் காட்சியில் காட்டுகிற படம், அதையே பட்டப்பகலில் பெட்டி சுமக்க வைக்கிறதே என்ற சிரிப்பு.

படம், எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922இல் எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’. அன்றைய படச்சுருளுக்கு உண்மையான இரவைப் பதிவு செய்யும் கூர்மை கிடையாது. பகலில் எடுத்துவிட்டு, திரையிடும் பிரதிக்குச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் இரவு. மஞ்சள் என்றால் விளக்கெரியும் அறை. இளஞ்சிவப்பு என்றால் விடியல். அன்றைய பெர்லின் ரசிகருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சிவப்பு விளக்கைக் கண்டால் வண்டியை நிறுத்துவதுபோல, நீலத்தைக் கண்டதும் அவர் மனதில் இருட்டிவிடும். பின்னால் பல பதிற்றாண்டுகள் உலகெங்கும் சுற்றிய கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் சாயம் இல்லை. இரவு காணாமல் போய்விட்டது. நான் சிரித்தது முர்னாவைப் பார்த்து அல்ல, காணாமல் போன சாயத்தைப் பார்த்து என்று புரியச் சில வருடங்கள் ஆயின.

வேடிக்கை என்னவென்றால், வெயில் பட்டால் காட்டேரி சாகும் என்ற விதியே இந்தப் படம் கண்டுபிடித்ததுதான். பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான், சாவது கத்தியால். உரிமை வாங்காமல் எடுத்த படம் இது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கும்படி 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தப்பிப் பிழைத்த சில பிரதிகளின் வழியே அந்த விதியும் பிழைத்தது. இன்றைக்குக் காட்டேரிக் கதை தெரிந்த எந்தக் குழந்தையும் அதைப் பழங்கால நம்பிக்கை என்றே எண்ணும்.

காட்டேரிப் படங்களையும் ஃபிலிம் நுவார் எனப்படும் குற்றப் படங்களையும் சேர்த்துப் பேச எனக்கு இந்தச் சிரிப்பே போதுமான காரணம். இரண்டிலும் இருட்டு கதைக்குப் பின்புலமாக நிற்பதில்லை. அது தச்சுவேலை, நெசவு போல ஒரு கைவேலை. அதன் பாதியைப் பட்டறையில் செய்வார்கள். மீதிப் பாதியை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் செய்ய வேண்டும். ரசிகர் கூச்சலிட்டார், சிரித்தார், கொட்டாவி விட்டார் என்ற செய்திகளைத் தோண்டிப் பார்த்தால், இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று விலகியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம்.

மிகக் கெட்ட வரவேற்பைப் பெற்ற காட்டேரிப் படத்திலிருந்து தொடங்குவோம். கார்ல் தியடோர் டிரையரின் ‘வேம்பயர்’ 1932 மே மாதம் பெர்லினில் திரையிடப்பட்டபோது அரங்கில் ஊளையிட்டார்கள். வியன்னாவில் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கலவரமே நடந்து, போலீஸ் வந்தது. டிரையர் அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் முழுநீளக் கதைப்படம் எதுவும் முடிக்கவில்லை.

ரசிகர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டிரையரும் ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மட்டேயும் காமிராவுக்கு முன்னால் சில அடி தூரத்தில் மெல்லிய வலைத்துணியைத் தொங்கவிட்டுப் படம் பிடித்தார்கள். பயமுறுத்தும் படத்தில் ரசிகர் எதிர்பார்ப்பது கன்னங்கரிய இருட்டை. இதிலோ எங்கும் விடியற்காலை மூடுபனி போன்ற சாம்பல் நிறம். மூலையில் என்ன இருக்கிறது என்று பயப்பட மூலையே இல்லை. எல்லாம் பாதி தெரிகிறது, எதுவும் முழுதாகத் தெரியவில்லை. நிழல்கள் ஆளை விட்டுத் தனியே திரிகின்றன. காட்டேரியோ கோரைப்பல் இல்லாத ஒரு கிழவி. வில்லனாகிய வைத்தியன் சாவது மாவு ஆலையில், மேலிருந்து கொட்டும் வெள்ளை மாவில் மூச்சுத் திணறி. இருட்டுப் படத்தில் வெள்ளையால் ஒரு சாவு! அதைக் கொடூரம் என்று ஜெர்மன் தணிக்கை குறைக்கச் சொன்னது.

அந்தப் படத்தில் ஒரு காட்சியை நான் நெடுநாள் மறக்கவில்லை. கதாநாயகன் தன்னையே பிணமாகக் கனவு காண்கிறான். சவப்பெட்டியின் மூடியில் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடிச் சதுரம். காமிராவை டிரையர் பெட்டிக்குள் மல்லாக்க வைத்துவிடுகிறார். திருகாணியை முடுக்குகிறார்கள், கண்ணாடிமேல் ஒரு மெழுகுவர்த்தியை வைக்கிறார்கள், கிழவி எட்டிப் பார்க்கிறாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகையில் மேலே மரக்கிளைகளும் வானமும் நகர்கின்றன. பிணத்தைப் பார்க்க வந்தவரைப் பிணமாக்கிப் படுக்க வைத்துவிட்டார். 1932இல் இதற்காகக் காசு கொடுத்து வந்தவர் கோபப்பட்டதில் என்ன ஆச்சரியம்?

மட்டே பிறகு ஹாலிவுட்டுக்குப் போனார். 1946இல் ரீட்டா ஹேவர்த் நடித்த ‘கில்டா’வை ஒளிப்பதிவு செய்தார், 1950இல் வெளிவந்த ‘டி.ஓ.ஏ.’ படத்தை இயக்கினார். அதில் ஒருவன் காவல் நிலையத்துக்குள் நுழைந்து, ஒரு கொலையைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தேன், கொலையானது நான்தான் என்கிறான். சவப்பெட்டிக் கண்ணாடி வழியே உலகைக் காட்டியவரின் கையிலிருந்து வந்த கதை அது.

இந்த வம்சாவளி மட்டேயோடு நின்றுவிடுவதில்லை. ‘நொஸ்ஃபெராட்டு’வின் ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர்தான் 1931இல் ஃபிரிட்ஸ் லாங்கின் கொலைகாரன் படமான ‘எம்’மையும் எடுத்தார். அதே ஆண்டு பேலா லுகோசியின் ‘டிராகுலா’வை எடுத்த கார்ல் ஃபிராய்ண்ட், 1948இல் ‘கீ லார்கோ’வுக்கு விளக்கு வைத்தார். எட்கர் உல்மர் 1934இல் ‘தி பிளாக் கேட்’ என்ற திகில் படத்தையும், 1945இல் மலிவுச் செலவில் ‘டீட்டூர்’ என்ற நுவாரையும் எடுத்தார். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கண்ணி ராபர்ட் சியோட்மாக். ‘ஃபாண்டம் லேடி’, ‘தி கில்லர்ஸ்’ என்று நுவாரின் உச்சங்களைத் தொட்ட இவர், அவற்றுக்குச் சற்று முன் 1943இல் ‘சன் ஆஃப் டிராகுலா’ எடுத்தார். கதையைக் கேளுங்கள்: லூசியானாவில் ஒரு பணக்காரப் பெண், சாகாவரம் வேண்டி டிராகுலாவை வரவழைத்து மணக்கிறாள். காட்டேரியானதும் பழைய காதலனிடம் வந்து, டிராகுலாவைத் தீர்த்துக்கட்டிவிட்டு நாமிருவரும் என்றென்றும் வாழலாம் என்கிறாள். புருஷனைக் கொல்லக் காதலனைத் தூண்டும் மனைவி! கோரைப்பல்லைக் கழற்றிவிட்டு விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுத்தால், மறு ஆண்டு வெளிவந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’தான்.

சொல்லிலேயே இந்த உறவு இருக்கிறது. ஆண்களை உறிஞ்சி அழிப்பவளாக 1915இல் தீடா பாரா நடித்த படத்தை ஒட்டி ‘வேம்ப்’ என்ற சொல் அமெரிக்காவெங்கும் பரவியது. ‘வேம்பயர்’ என்பதன் சுருக்கம். அந்தச் சொல் பம்பாய் வரை வந்து, கிளப்பில் ஆடும் பெண்ணுக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. அவள் இரத்தம் எதையும் குடிக்கவில்லை, பாவம்.

திகிலும் நுவாரும் கைகுலுக்கிய பட்டறை என்றால் அது ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் தயாரிப்பாளர் வால் லூட்டனுக்குக் கொடுக்கப்பட்ட சின்னப் பிரிவு. தலைப்பை நிறுவனம் கொடுக்கும், பணம் சொற்பம், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். 1942இல் ‘கேட் பீப்பிள்’ என்ற தலைப்பு வந்தது. இயக்கியவர் ழாக் டூர்னர், ஒளிப்பதிவு நிக்கோலஸ் முசுராக்கா, படத்தொகுப்பு மார்க் ராப்சன். கோபமோ காமமோ மேலிட்டால் சிறுத்தையாகிவிடுவோம் என்று அஞ்சும் ஐரீனா என்ற பெண்ணின் கதை. ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்துக்குப் போட்ட மாடிப்படி அரங்கு சும்மா கிடந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தின் நடைபாதைக் காட்சியைத் திரைப்படப் பள்ளிகள் இன்னமும் பிரித்துப் போட்டுப் பாடம் நடத்துகின்றன. ஆலிஸ் என்ற பெண் இரவில் பூங்காவின் மதிலோரம் தனியாக நடக்கிறாள். பின்னால் ஐரீனா வருகிறாள். தெருவிளக்கு, இருட்டு, தெருவிளக்கு, இருட்டு. இசை கிடையாது, இரண்டு ஜோடிக் குதிகால் செருப்புகளின் சத்தம் மட்டும். திடீரென்று ஒரு ஜோடிச் சத்தம் நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள். சிறுத்தையின் சீறல் கேட்கிறது. அந்தக் கணமே சட்டத்துக்குள் ஒரு பேருந்து வந்து நிற்கிறது. சீறியது அதன் பிரேக். அன்றிலிருந்து இப்படிப் பொய்யாகத் தூக்கிவாரிப்போடும் உத்திக்கு ஹாலிவுட் தொழிலாளர்கள் வைத்த பெயர் ‘பஸ்’. இன்றைய பேய்ப்படங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காதருகில் பாத்திரத்தை உருட்டுவது இதன் வாரிசுதான், சீரழிந்த வாரிசு. டூர்னர் பேருந்துக்கு முன் நம்மை ஒரு நிமிடத்துக்கு மேல் நடக்க வைத்தார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து அதே டூர்னரும் முசுராக்காவும் ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ எடுத்தார்கள். நுவாரின் சாரம் இதுவே என்று பலர் கைகாட்டும் படம். சிறுத்தை போய் ஜேன் கிரீர் வந்திருந்தார். விளக்கு வைத்த விதம் மாறவில்லை.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் யாரும் தாங்கள் ‘நுவார்’ எடுப்பதாக நினைக்கவில்லை. குற்றப்படம், மெலோடிராமா என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. பெயர் வைத்தது ரசிகர். போரின்போது ஜெர்மன் பிடியில் இருந்த பாரிஸுக்கு அமெரிக்கப் படம் வரவில்லை. 1946 கோடையில் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’, ‘லாரா’, ‘டபுள் இன்டெம்னிட்டி’ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. அமெரிக்க ரசிகர் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகப் பார்த்ததைப் பாரிஸ் ரசிகர் சில வாரங்களில் பார்த்தார். அதனால்தான் அவர் கண்ணுக்கு அந்த ஒற்றுமை தெரிந்தது. விமர்சகர் நினோ ஃபிராங்க் அந்த ஆகஸ்டில் ‘கறுப்புப் படம்’ என்ற பொருளில் எழுதிய சொல் ஒட்டிக்கொண்டது.

‘டபுள் இன்டெம்னிட்டி’யின் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் பட்டைகளின் வழியே விழும் வெயிலில் தூசி மிதக்கும். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் காற்றில் அலுமினியத் துகளை ஊதி உண்டாக்கிய தூசி அது. இன்னொரு தந்திரம்: கதாநாயகனின் ஃபிளாட் கதவு தாழ்வாரத்தை நோக்கி வெளிப்பக்கமாகத் திறக்கும். அப்படிக் கதவு வைப்பது வழக்கமில்லை. ஆனால் சந்தேகப்படும் மேலதிகாரி தாழ்வாரத்தில் நிற்கும்போது, கொலைக்குத் தூண்டிய அந்த மனைவி ஒளிந்துகொள்ள அந்தக் கதவு வேண்டியிருக்கிறது. பயத்தில் இருக்கும் ரசிகர் கீலைப் பார்க்கமாட்டார் என்று இயக்குநர் பில்லி வைல்டர் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அவளாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் பொன்னிறப் பொய்முடியைப் பார்க்கத் தவறியவர் எவருமில்லை. அது இன்றும் திட்டு வாங்குகிறது. அவளே போலி, முடியும் போலியாக இருந்தால் என்ன என்பது என் கட்சி.

கதை புரியாவிட்டாலும் ரசிகர் பொறுத்துக்கொள்வார் என்பதற்கு ‘தி பிக் ஸ்லீப்’ சாட்சி. அதில் கார் ஓட்டுநரைக் கொன்றது யார் என்று கேட்டபோது, நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்கே தெரியவில்லையாம். படம் 1945இலேயே தயாராகி, வெளிநாட்டிலிருந்த போர்வீரர்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. பிறகு குழப்பத்தை விளக்கும் காட்சியை எடுத்துவிட்டு, போகார்ட்டும் லாரன் பக்காலும் சீண்டிப் பேசும் காட்சிகளைச் சேர்த்து 1946இல் வெளியிட்டார்கள். குழப்பம் கூடியது, கூட்டமும் கூடியது.

லுகோசியின் ‘டிராகுலா’வுக்கு நேர்ந்தது வேறு. தொடக்கத்தில் கொஞ்சம் ‘ஸ்வான் லேக்’ ஒலிக்கும். மற்றபடி படத்துக்குப் பின்னணி இசையே கிட்டத்தட்ட இல்லை. பேசும்படம் புதிதாக இருந்த காலத்தில் அந்த மௌனம் நெஞ்சைப் பிடித்தது. இன்றைய ரசிகர் அதைத் தொய்வு என்கிறார். அதே அரங்குகளில் இரவு நேரத்தில் ஸ்பானிய மொழியில் இன்னொரு ‘டிராகுலா’ எடுத்தார்கள். காமிரா அதில் தாராளமாக நகரும். கைவேலையில் ஸ்பானியப் படம் மேல் என்பது பலர் கருத்து. ஆனால் அதில் லுகோசி இல்லை.

நம் பக்கம் இந்தக் கதை 1954இல் வருகிறது. ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. 1943 அக்டோபரில் சென்னைமேல் ஜப்பானியர் குண்டு போட்ட மறுநாள், ரேடியோ பொறியாளர் ஒருவர் தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்படுகிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். மாருதிராவின் காமிரா நிழலைப் பயமில்லாமல் உபயோகிக்கிறது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். ஏமாந்த ரசிகர்களால் முதல் வெளியீட்டில் தோற்றது, மறுவெளியீட்டில் எடுபட்டது. தேசிய விருதுக் குழு நற்சான்று வழங்கியது. இதில் ஒரு முரண் உண்டு. பாட்டை வெட்டியவர் சங்கீதம் அறியாதவர் இல்லை. வீணையில் மேதை என்று பெயரெடுத்தவர். கச்சேரி மேடையில் மௌனத்துக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொட்டகையில் அதை வாங்க அன்று ஆள் இல்லை.

வண்ணம் வந்ததும் இருட்டின் விலை இறங்கியது. 1958இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் எடுத்த ‘டிராகுலா’வில் பெயர்கள் ஓடும்போதே சவப்பெட்டிமேல் பளீரென்று சிவப்பு இரத்தம் சொட்டும். விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், கூட்டம் அலைமோதியது. கிறிஸ்டோபர் லீயின் கண்களிலும் அந்தச் சிவப்பு.

இருட்டு மறுபடி சர்ச்சையானது 2019 ஏப்ரலில். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் 82 நிமிடம் ஓடும் ஓர் இரவுப் போர். பிணங்கள் எழுந்து வரும் போர். ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கக் குமுறினார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் (முர்னாவின் ஒளிப்பதிவாளர் பெயரும் வாக்னர்தான், உறவு தேட வேண்டாம்) ரசிகர்களுக்குத் தங்கள் தொலைக்காட்சிப் பெட்டியைச் சரிப்படுத்தத் தெரியவில்லை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, மரியாதை இல்லை. இணையத்தில் சுருக்கி அனுப்பப்படும் படத்தில் முதலில் அடிபடுவது கருமைதான். கட்டம் கட்டமாக உடைந்துபோகும். வெளிச்சத்தைக் கூட்டினால் டிரையரின் சாம்பல் வரும், டிரையர் வரமாட்டார். பழைய பிரதியில் எனக்கு நீலம் வந்து சேராததுபோல இவர்களுக்குக் கறுப்பு வந்து சேரவில்லை.

2024இல் ராபர்ட் எகர்ஸ் ‘நொஸ்ஃபெராட்டு’வை மீண்டும் எடுத்தார். ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கே 35 மி.மீ. படச்சுருளில், சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை லென்ஸில் பொருத்தி, நிலவொளிக் காட்சிகளைக் கிட்டத்தட்ட நிறமற்ற நீலமாக்கினார். நூறு வருடம் முன்பு பிரதியைத் தொட்டியில் முக்கி எடுத்த சாயம் இப்போது கண்ணாடியாக வந்திருக்கிறது. அந்த நிலவில் இரத்தம் சிந்தும்போது ஹாமரின் சிவப்பு தெரிவதில்லை. கறுப்பாக வழிகிறது.